மொராக்கோ புதினா டீ: எப்படிப் போடுகிறார்கள், எங்கே உட்கார்ந்து குடிக்கலாம்?

கேள்வி இதுதான்: "குடும்பத்தோடு மொராக்கோ போகிறோம். அங்கே பாரம்பரியப் புதினா டீ எங்கே நன்றாகக் கிடைக்கும்? இங்கே ஒரு ஓட்டலில் அந்தப் பெயரில் கொடுத்தது புதினா மிதக்கிற சர்க்கரைத் தண்ணீராக இருந்தது. அங்கேயும் அப்படித்தானா?"

இல்லை, அங்கே அப்படி இல்லை. ஆனால் அங்கேயும் அப்படிக் கொடுக்கிற கடைகள் உண்டு, அதுவும் சுற்றுலாப் பயணிகள் கூடுகிற இடங்களில் நிறையவே உண்டு. அதனால் எந்த ஊர், எந்தக் கடை என்பதற்கு முன்னால் டீ எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் கடையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பெயர்தான் புதினா டீ. ருசி நிற்பது பச்சைத் தேயிலையின் மேல். புதினா கடைசியில் வந்து சேர்கிற ஆள். தேயிலையைச் சரியாகக் கழுவி, சாயம் நன்றாக இறங்கும்வரை அடுப்பில் வைத்து, அந்தத் துவர்ப்புக்கு ஈடாகச் சர்க்கரை போட்டு, அப்புறம்தான் புதினா. உங்களுக்கு ஓட்டலில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரு டீ பையை வெந்நீரில் நனைத்து மேலே நாலு இலை போட்டிருப்பார்கள். தேயிலையின் துவர்ப்பு இல்லாதபோது அந்தச் சர்க்கரை திகட்டத்தான் செய்யும்.

தேயிலை சீனாவுடையது. ஜெஜியாங் மாகாணத்தில் செய்கிற கன்பவுடர் என்ற வகை, இலையை இறுக்கிச் சுருட்டி மிளகு அளவுக்கு உருண்டையாக்கியிருப்பார்கள், வெந்நீரில் மெதுவாக விரியும். சீனப் பச்சைத் தேயிலையை உலகத்திலேயே அதிகம் வாங்குகிற நாடு மொராக்கோதான். இவ்வளவு குடிக்கிறார்களே, ஆயிரம் வருடப் பழக்கமாக இருக்கும் என்று தோன்றும், கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் டீ அங்கே அரண்மனைப் பண்டம், ஐரோப்பியத் தூதர்கள் சுல்தானுக்குக் கொண்டுவரும் பரிசுப் பொருள். சாதாரண வீடுகளுக்குப் பரவியது 19ஆம் நூற்றாண்டில். 1853இல் ரஷ்யாவுக்கு எதிரான கிரீமியப் போர் தொடங்கியபோது பால்டிக் கடல் பக்கம் விற்க முடியாமல் போன சரக்கை ஆங்கில வியாபாரிகள் தான்ஜியர், எஸ்ஸவீரா துறைமுகங்களில் இறக்கினார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. பாத்திரமும் இங்கிலாந்திலிருந்தே போனது. மான்செஸ்டரில் ரிச்சர்ட் ரைட் என்பவருடைய நிறுவனம் மொராக்கோவுக்கென்றே டீக் கெண்டிகள் செய்து அனுப்பியது, அந்த முத்திரை அடித்த பழைய கெண்டிக்கு இன்றும் மவுசு இருக்கிறது. (இடையில் ஒன்று: 1304இல் தான்ஜியரில் பிறந்து, ஊர் ஊராகச் சுற்றி, மதுரை சுல்தான் குடும்பத்துக்கு மருமகனாகி, மதுரை வரைக்கும் வந்த பயணி இபுன் பதூதா தன் ஊரில் இந்த டீயைக் குடித்திருக்க வழியே இல்லை. அவர் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் அங்கே தேயிலை போய்ச் சேர்ந்தது.)

இப்போது போடுகிற முறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல டீக்கும் மோசமான டீக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கெண்டிக்கு அங்கே பர்ராத் என்று பெயர். அரை லிட்டர் பிடிக்கிற பர்ராத்தில் ஒரு மேசைக்கரண்டி தேயிலை போட்டு, ஒரு சின்ன கிளாஸ் அளவு கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, அரை நிமிடத்துக்கும் குறைவாக அப்படியே விடுவார்கள். ஆட்டக் கூடாது. பிறகு அந்தத் தண்ணீரை ஒரு கிளாஸில் மெல்ல இறுத்து ஓரமாக வைப்பார்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும், இதை டீயின் உயிர் என்பார்கள், கொட்டவே மாட்டார்கள். அடுத்து மறுபடி கொஞ்சம் கொதிநீர் ஊற்றி, இந்தத் தடவை கெண்டியை நன்றாகச் சுழற்றி, வருகிற கலங்கல் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவார்கள். தூசியும் முரட்டுக் கசப்பும் அதோடு போய்விடும். சிலர் இந்தக் கழுவலை இன்னொரு முறையும் செய்வார்கள். அதன்பின் எடுத்து வைத்த முதல் தண்ணீரைத் திரும்ப ஊற்றி, மேலே கொதிநீர் நிரப்பி, கெண்டியையே அடுப்பில் வைப்பார்கள். கரி அடுப்போ கேஸ் அடுப்போ, தீ சின்னதாக இருக்க வேண்டும். இலை விரிந்து பொங்கி மேலே வரும்போது இறக்கிவிட வேண்டியதுதான்.

இனி புதினா. அங்கே போடுவது ஸ்பியர்மின்ட் வகை, நாம் சட்னிக்கு வாங்குகிற புதினாவுக்கு நெருங்கிய சொந்தம். மெக்னெஸ் ஊர்ப் புதினாவுக்கு நாடு முழுக்கப் பேர். காம்போடு ஒரு பெரிய கைப்பிடி எடுத்து, கழுவி, லேசாகக் கசக்கி உள்ளே திணிப்பார்கள். இலை மேலே மிதந்தால் அனலில் வெந்து கருகி டீ கெட்டுவிடும், வயிற்றுக்கும் ஆகாது என்பது அங்குள்ள பெரியவர்களின் உறுதியான நம்பிக்கை, அதனால் கரண்டியால் அழுத்தி முக்கிவிடுவார்கள். புதினா போட்ட பிறகு கொதிக்க விடுகிறவனைப் பார்த்தால் அவன் கையில் டீ குடிக்காதீர்கள். நிறம் கறுத்து, வேகவைத்த கீரை வாசம் வந்துவிடும்.

சர்க்கரை கெண்டிக்குள்ளேயே போய்விடும், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. அரை லிட்டருக்கு நாலைந்து மேசைக்கரண்டி என்பது அங்கே சாதாரணம். வீடுகளில் 2 கிலோ எடையுள்ள கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, தாளில் சுற்றி விற்பார்கள், அதற்கென்றே உள்ள சின்னச் சுத்தியலால் உடைத்துப் போடுவார்கள். கல்யாண வீடு, துக்க வீடு இரண்டுக்குமே இந்தக் கூம்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற வழக்கம் உண்டு.

கரண்டியால் கலக்குவது கிடையாது. ஒரு கிளாஸில் ஊற்றி, அதைத் திரும்பக் கெண்டியில் ஊற்றி, மறுபடி கிளாஸில், மறுபடி கெண்டியில். சர்க்கரை கலந்தாயிற்று. பிறகு ஒரு மிடறு ருசி பார்த்துவிட்டு, கெண்டியைத் தலை உயரத்துக்குத் தூக்கிச் சின்ன கிளாஸில் ஒரே தாரையாக ஊற்றுவார்கள். நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுகிற அதே கணக்குதான்: சூடு குறைகிறது, நுரை எழும்புகிறது. அந்த நுரைக்கு ரெஸ்ஸா, அதாவது தலைப்பாகை, என்று பெயர். நுரை இல்லாமல் வருகிற டீயை அங்கே பாட்டிமார்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்குவார்கள்.

இவ்வளவும் தெரிந்துவிட்டதால் கடையை எடைபோடுவது எளிது. டீயின் நிறம் பழுப்புப் பொன்னாக இருக்க வேண்டும், வெளிர்ப் பச்சையாக இருந்தால் தேயிலை வேகவில்லை. மேலே நுரை வேண்டும். விழுங்கிய பிறகு நாக்கில் ஒரு துவர்ப்பு தங்க வேண்டும். முடிந்தவரை கிளாஸாகக் கேட்காமல் பர்ராத்தாகக் கேளுங்கள், ஒரு கெண்டி சொன்னால் நாலு பேருக்குப் போதும், அப்போதுதான் ஒழுங்காகப் போட்டும் தருவார்கள். கிளாஸாகத் தருகிற கடைகளில் பெரும்பாலும் தேயிலைச் சாயத்தைக் காலையிலேயே பெரிய பாத்திரத்தில் வைத்துவிட்டு, கேட்கக் கேட்க ஊற்றிப் புதினாவைத் திணித்துத் தருவது வழக்கம். அது மோசம் என்று சொல்ல மாட்டேன், அவசரத்துக்குச் சரிதான்.

இடங்களுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் முதலில் தான்ஜியர். அங்கே மர்ஷான் பகுதியில், கடலைப் பார்த்த செங்குத்துப் பாறை மேல், கஃபே ஹஃபா இருக்கிறது. 1921இல் தொடங்கியது. படிப்படியாக இறங்குகிற மேடைகள், சாதாரண மேசை நாற்காலி, எதிரே ஜிப்ரால்டர் ஜலசந்தி, வானம் தெளிவாக இருந்தால் அந்தப் பக்கம் ஸ்பெயின் தெரியும். டீ வருவது அலங்காரக் கெண்டியில் இல்லை, புதினா இலையோடு நெட்டைக் கண்ணாடி கிளாஸில். வடக்கு மொராக்கோவின் பாணியே அதுதான், இலையை கிளாஸுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். நான் மேலே சொன்ன முறைப்படி பார்த்தால் இந்த டீக்கு முதல் மதிப்பெண் கிடைக்காது, ரொம்ப இனிப்பு, நுரையும் குறைவு. ஆனாலும் இந்த இடத்தை நான் விடமாட்டேன். சீட்டாடுகிறவர்களும் காதலர்களும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் மணிக்கணக்கில் ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். தேனீக்கள் கிளாஸை மொய்க்கும், பயப்படாதீர்கள், கிளாஸை ஒரு தட்டால் மூடிவிட்டால் போதும். சாயங்காலம் கூட்டம் அள்ளும், காலையில் போனால் விருப்பப்பட்ட மேசை கிடைக்கும். கஃபேக்குப் போகிற வழியிலேயே பாறையில் வெட்டிய பழங்கால ஃபினீசியக் கல்லறைக் குழிகள் இருக்கின்றன, ஊர்ஜனங்கள் அதன் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்களும் உட்காரலாம்.

தான்ஜியரிலிருந்து ஷெஃப்ஷாவன் போவீர்கள், நீலச் சுவர் ஊர், எல்லோரும் போகிறார்கள். அங்கே ஊத்தா அல்ஹம்மாம் சதுக்கத்துக் கடைகள் வேடிக்கை பார்க்க நன்று, டீ சுமார். அதைவிட ராஸ் அல்மா ஊற்றுப் பக்கம், தண்ணீர் சத்தத்தில் உட்காருங்கள்.

ஃபெஸ் ஊரில் ஸஃபாரீன் சதுக்கம். கரவிய்யீன் நூலகத்தை ஒட்டிய சின்ன முற்றம், சுற்றிலும் செம்பு பித்தளை தட்டுகிற கன்னார்கள், அண்டாவும் டீத் தட்டும் அவர்கள் கையில்தான் உருவாகின்றன. அந்த முற்றத்திலேயே ஒரு சின்ன டீக்கடை. சுத்தியல் சத்தத்தில் பேச முடியாது, பார்த்துக்கொண்டே குடிக்கலாம். ஃபெஸ் வீடுகளில் டீயில் ஆரஞ்சுப் பூ வாசம் சேர்ப்பதும் உண்டு, யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் தவறவிடாதீர்கள்.

பக்கத்தில் மெக்னெஸ். புதினாவின் ஊர் என்று சொன்னேனே. ஃபெஸ்ஸிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், ரயிலில் போய்விட்டு அன்றே திரும்பலாம். அல்ஹதீம் சதுக்கத்தை ஒட்டிய மூடிய சந்தையில் ஆலிவும் இனிப்பும் மசாலாவும் மலைபோல் குவித்திருப்பார்கள், புதினாக் கட்டுகளின் வாசம் ஆளைத் தூக்கும்.

ரபாத்தில் உதாயா கோட்டைக்குள், அந்தலூசியத் தோட்டத்தை ஒட்டிய கஃபே மோர். கீழே பூ ரெக்ரெக் ஆறு, எதிர்க்கரையில் ஸலே நகரம், பாதாம் விழுது பொதிந்த "மான் கொம்பு" பலகாரத்தைத் தட்டில் கொண்டுவருவார்கள். கோட்டையில் அவ்வப்போது மராமத்து நடப்பதுண்டு, போகும் முன் திறந்திருக்கிறதா என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மராகேஷ் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமை. ஜமா அல்ஃப்னா சதுக்கத்தைச் சுற்றி மாடிக் கடைகள் இருக்கின்றன, கஃபே டி ஃபிரான்ஸ், கஃபே க்ளாசியே மாதிரி. அங்கே நீங்கள் காசு கொடுப்பது காட்சிக்கு, டீக்கு இல்லை. ஏதாவது வாங்கினால்தான் மாடிக்கே விடுவார்கள். சூரியன் சாய்ந்து கீழே சாப்பாட்டுக் கடைகளின் புகை எழும்புகிற நேரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள், அது போதும். டீ வேண்டுமென்றால் ரஹ்பா கதீமா சதுக்கத்தைத் தாண்டிச் சந்தைக்குள் நடந்து, தச்சர்களும் தோல் தைக்கிறவர்களும் வேலை செய்கிற சந்துகளில் எந்தக் கடையிலிருந்து பையன் தட்டில் கெண்டியோடு ஓடுகிறான் என்று பாருங்கள். அவன் திரும்புகிற இடம்தான் உங்களுக்கு வேண்டிய கடை. அந்த மாதிரி இடங்களில் 10 திர்ஹம் சுற்றித்தான் இருக்கும், மாடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். இன்னொன்று, ராத்திரி சதுக்கத்திலேயே பெரிய செம்பு அண்டா வைத்து காரமான ஒரு கஷாயம் விற்பார்கள், ஹுதெஞ்சால் என்பார்கள், அது வேறொன்றுமில்லை, நம் சித்தரத்தை. இஞ்சி, பட்டை எல்லாம் சேர்த்தது. தொண்டை கட்டியிருந்தால் அதைக் குடியுங்கள்.

மராகேஷிலிருந்து ஊரிகா பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் போனால் செத்தி ஃபாத்மா பக்கம் ஓடைக்குள்ளேயே நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள், கால் பனித்தண்ணீரில், கையில் டீ, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இம்லில் பக்கம் மலையேறினால் வழிகாட்டியே போட்டுத் தருவார், அதை "பெர்பர் விஸ்கி" (பெர்பர் என்பது அங்குள்ள பூர்வகுடி மக்கள்) என்று சொல்லிச் சிரிப்பார். இந்த ஜோக்கை நாடு முழுக்கக் கேட்பீர்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி சிரித்து வையுங்கள்.

தெற்கே குல்மிம், தாந்தான் தாண்டிப் பாலைவன மக்களிடம் போனால் ஆட்டமே மாறிவிடும். புதினா பெரும்பாலும் கிடையாது. தேயிலை, சர்க்கரை, சிலசமயம் கொஞ்சம் கருவேலம் பிசின், அவ்வளவுதான். கிளாஸில் பாதிக்கு மேல் நுரையாக நிற்க வேண்டும், அதற்காகக் கிளாஸிலிருந்து கிளாஸுக்கு மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டே இருப்பார்கள். மூன்று சுற்று வரும். அந்த டீக்கு மூன்று வேண்டும் என்பார்கள்: கூட்டம், கரித்தணல், நிதானம். மூன்றுக்கும் அவர்கள் பேச்சில் ஒரே எழுத்தில்தான் தொடக்கம். மூன்றாவது சுற்று வருவதற்குள் எழுந்து போவது மரியாதையில்லை, ஒரு மணி நேரம் கையில் இல்லாமல் அங்கே உட்காராதீர்கள். மெர்ஸூகா மணல்மேட்டுக் கூடாரங்களில் தருவது பெரும்பாலும் வழக்கமான புதினா டீதான், அதை இதுவென்று நினைத்துவிட வேண்டாம்.

கம்பளக் கடையில் டீ கொடுத்தால் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகக் குடியுங்கள். டீ குடித்ததற்காக எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாவிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருடைய நேரமும் காசுதான்.

கேட்கும்போது "அதாய்" என்றால் டீ, "நானா" என்றால் புதினா. சர்க்கரை வேண்டாமென்றால் "ப்லா சுக்கார்", கொஞ்சம் போதுமென்றால் "ஷ்வியா த சுக்கார்". பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இதைப் போட ஆரம்பிக்கும் முன்பே சொல்ல வேண்டும், சர்க்கரை கெண்டிக்குள் போய்விட்டால் எடுக்க முடியாது. சில கடைகளில் கட்டிச் சர்க்கரையைத் தனியாகத் தருவார்கள், அது நல்லது. குளிர்காலத்தில் புதினாவோடு ஷீபா என்று ஒரு சாம்பல் நிற இலை போடுவார்கள், மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்தது, நல்ல கசப்பு. ஃப்லியோ என்ற காட்டுப் புதினாவும் உண்டு. கர்ப்பிணிகள் இந்த இரண்டையும் தவிர்க்க வேண்டும், மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி லூயிஸா என்கிற எலுமிச்சை வாசனை இலை, மருக்கொழுந்தை நினைவுபடுத்துகிற மர்தத்தூஷ், தலியுவின் என்ற ஊர்ப் பக்கம் குங்குமப்பூ டீ, எல்லாம் உண்டு. கூடவே சாப்பிட காலையில் மெஸம்மன், அடுக்கடுக்காக மடித்த சதுர ரொட்டி, ஏறக்குறைய நம் பரோட்டாவின் உறவு, தேன் தொட்டு. நோன்பு மாதத்தில் போகிறீர்கள் என்றால் பகலில் உள்ளூர்க் கடைகள் மூடியிருக்கும், நோன்பு திறந்தபிறகு நள்ளிரவு தாண்டியும் ஜேஜே என்றிருக்கும்.

திரும்பி வந்து வீட்டில் போட ஆசைப்பட்டால் தேயிலை பிரச்சினையில்லை, கன்பவுடர் இங்கே ஆன்லைனில் கிடைக்கிறது, இலங்கையிலும் தயாரிக்கிறார்கள். புதினா மட்டும் பூச்சிமருந்து வாடை இல்லாததாக, முடிந்தால் தொட்டியில் வளர்த்ததாக இருக்கட்டும். நம் புதினாவில் சிலசமயம் காரம் தூக்கலாக இருக்கும், அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

கெண்டி வாங்குவதானால் சந்தையில் பளபளவென்று செதுக்கு வேலையோடு தொங்குகிறதை அடுப்பில் வைக்க முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், பல கெண்டிகள் ஊற்றிப் பரிமாறுவதற்கு மட்டும் செய்தவை. வீட்டில் புழங்க, ஊர்ஜனங்கள் பாத்திரம் வாங்குகிற கடையில் கிடைக்கிற வெறும் எவர்சில்வர் பர்ராத் போதும், விலையும் பாதிதான். மூடியைத் திறந்து மூக்கு தொடங்குகிற இடத்தில் உள்ளே துளைத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இலை வந்து அடைத்துக்கொள்ளும். கைப்பிடி சுடும், அதற்கென்று தைத்த சின்னத் துணிப்பிடி பக்கத்திலேயே விற்கும், அதையும் சேர்த்துப் பேரம் பேசி வாங்கிவிடுங்கள்.